வெள்ளாம்பாறைக் குட்டைத் தண்ணீர்

பிலோமின்ராஜ் காபி குடிக்கிற விதத்தை மேலப்புதூரில் பலர் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். டம்ளர் மேசைக்கு வந்ததும் வாயருகே கொண்டுபோக மாட்டார். டபராவில் ஒரு மடக்கு காபியை ஊற்றி, மணிக்கட்டை மட்டும் மெதுவாகச் சுழற்றுவார். காபி அடியிலிருந்து ஏறி, விளிம்பைத் தொட்டு ஒரு வட்டம் வந்து, ஓர் இடம்கூட விடாமல் நனைத்துவிட்டு இறங்கும். அதைக் கை கழுவும் தொட்டியில் கொட்டுவார். இன்னொரு மடக்கு, இன்னொரு வட்டம். மூன்றாவது முறையும் கொட்டிய பிறகுதான் மிச்சக் காபி டபராவுக்குள் போகும். அதற்குள் சூடு போயிருக்கும், காபியிலும் பாதி போயிருக்கும்.

"காபி குடிக்க வர்றீங்களா, டபராவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வர்றீங்களா?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்பார். பிலோமின்ராஜ் சிரித்துக்கொள்வார். அடுத்த நாளும் அப்படியேதான் செய்வார்.

வீட்டில் லூர்துராணியிடம் இந்தச் சிரிப்பு செல்லாது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எதையும் இரண்டு முறை சொல்லிப் பழகியவள். "சாமியார் வராமலே இந்த வீட்டுச் சட்டிபானையெல்லாம் கிறிஸ்தவங்களாயிருச்சு. கிறிஸ்தவங்களாயிருச்சுங்க, ரசத்தையும் கொட்டாதீங்க" என்பாள்.

அது வேலையிலிருந்து கைக்கு வந்த பழக்கம். குட்டையிலோ ஓடையிலோ சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதற்கு முன், பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். பாட்டிலுக்குப் பழைய தண்ணீரின் ஞாபகம் இருக்கக் கூடாது. கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கழுவியே அவருடைய இருபதுகள் கழிந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில், ஆலைகளும் சுரங்கங்களும் வெளியே விடுகிற தண்ணீரைச் சோதிக்க என்று திருச்சியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். அங்கே தண்ணீர் எடுத்து வருகிற வேலை அவருக்குக் கிடைத்தது. பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு தப்பான பாட்டில் எத்தனை பேருடைய வயிற்றில் கை வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

மாதத்தில் ஒருநாள் வெள்ளாம்பாறைக்குப் போவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை தாண்டிப் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று. கையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே தகரம் அடித்து, மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி. எடுத்த தண்ணீர் திருச்சி வந்து சேரும்வரை குளிர்ந்திருக்க வேண்டும்.

"பெட்டியில என்ன சார், வஞ்சிரமா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார்.

"தண்ணிங்க."

"தண்ணிக்கு எதுக்கு ஐசு?"

"கெட்டுப் போகாம இருக்க."

"கெட்டுப்போன தண்ணியத்தானே சார் எடுக்கப் போறீங்க?"

"இதுக்கு மேல கெடாம இருக்கங்க" என்றார் பிலோமின்ராஜ். பஸ்ஸே சிரித்தது. அவருக்குத்தான் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

சுரங்கம் என்றால் பூமிக்குள் புகுந்து போகிற சுரங்கம் இல்லை. வானம் பார்த்த பெரும்பள்ளம். கல்லை வெட்ட வெட்ட அடியில் ஊற்று சுரக்கும், மழைத் தண்ணீரும் இறங்கும். அதை மோட்டார் வைத்து இறைத்து மேலே ஒரு குட்டையில் விடுவார்கள். சுண்ணாம்புக் கலங்கல் குட்டையில் அடங்கிப் படிய வேண்டும். தெளிந்த தண்ணீர் மட்டும் மறுகோடியில் உள்ள வழிவாய் வழியே ஓடைக்குப் போக வேண்டும். அதுதான் நிபந்தனை. அந்த வழிவாயில்தான் பிலோமின்ராஜ் பாட்டிலை நீட்டுவார்.

அவர் போகிற நாளிலெல்லாம் தண்ணீர் நன்றாகவே இருந்தது. வழிவாயில் விரல் தடிமனுக்கு ஓர் ஒழுகல். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். மோட்டார் கொட்டகை அமைதியாக இருக்கும். பகலில் மின்வெட்டு சகஜமாக இருந்த காலம் அது. இரவில் இறைக்கிறார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். உள்ளது உள்ளபடி பாட்டிலில் பிடிப்பார். அலுவலகத்தில் சோதித்து, அளவுக்குள் இருக்கிறது என்று எழுதுவார்கள்.

மோட்டார் ஓட்டுகிறவர் சின்னையன். பக்கத்து ஊர்க்காரர், பிலோமின்ராஜை விட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் சுண்ணாம்புத் தூள் படிந்து, மாவு ஆலையிலிருந்து வந்தவர் மாதிரி இருப்பார். பாட்டிலுக்குச் சீல் வைக்கும்போது சுரங்கத்தின் சார்பில் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். பெயரை ஒவ்வோர் எழுத்தாக, கல்லில் கொத்துவது போல எழுதுவார். எழுதி முடித்ததும் தூக்குவாளியைத் திறப்பார். மனைவி சந்திரம்மாள் கொடுத்தனுப்பிய கம்மங்கூழும் மோர்மிளகாயும் இருக்கும்.

"சாப்புடுங்க சார். டவுன்ல கெடைக்காது."

"எனக்கு எடுத்துட்டா உங்களுக்கு, அண்ணே?"

"நீங்க வர்ற அன்னிக்கு ரெண்டாள் கூழுதான். அவளுக்கே கணக்குத் தெரியும். வாளிய அலசாமச் சாப்புட்டாப் போதும்."

கொட்டகை நிழலில் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். சின்னையனின் மகளுக்கு வரன் பார்ப்பது, பிலோமின்ராஜின் பையன் கணக்கில் தோற்றது, மழை. கூச்ச சுபாவக்காரரான பிலோமின்ராஜுக்கு அலுவலகத்தில்கூட அப்படிப் பேச ஆள் இல்லை. மற்ற இடங்களில் அவரைக் கண்டால் காவலாளி முதல் கதவை மூடுவார்கள். வெள்ளாம்பாறை ஒன்றில்தான் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அடைக்கலம் அலுவலகத்துக்கு வந்தது ஒரு புரட்டாசிக் கடைசியில். ஓடைக்குக் கீழே நெல்லும் வாழையும் போடுகிற விவசாயி. கூட்டத்துக்கு நடுவிலும் காடு கேட்கிற மாதிரிதான் பேசுவார். கையில் ஒரு மண்ணெண்ணெய் பாட்டில். உள்ளே பால் போல வெள்ளைத் தண்ணீர்.

"இதுதாங்க எங்க ஓடை. சோதிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் ரெங்கராஜ், ஸ்ரீரங்கத்துக்காரர், மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதைச் சோதிச்சா மண்ணெண்ணெய்தான் வரும். அதுல கொஞ்சம் ஓடையும் இருக்குன்னு எழுதலாம்."

"எங்க வீட்டுல வேற பாட்டில் கெடையாதுங்க. குடிகாரனா இருந்தா நல்ல பாட்டிலா கெடச்சிருக்கும்."

ரெங்கராஜ் சிரித்துவிட்டார். அடைக்கலம் சிரிக்கவில்லை. வருஷக் கடைசியில் சுரங்கத்தின் அனுமதி முடிகிறது. புதுப் பள்ளம் ஒன்று தோண்டி, இன்னும் இரண்டு மோட்டார் போட்டு, அதே குட்டையில் விட அனுமதி கேட்டிருக்கிறார்கள். இது ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும் என்றார். "ஒரு மோட்டாருக்கே நாத்து மூச்சு விட மாட்டேங்குது. தண்ணி வடிஞ்சா மண்ணு மேல வெள்ளையாப் பாளம் கட்டிருது. மூணு மோட்டார் ஓடுனா என் வயலு கொத்தனாரு பூசுன தளம். நாத்து நட முடியாது, நாற்காலி போட்டு உக்காரலாம்."

"மாசாமாசம் எடுத்துட்டுதானே வர்றோம். அளவுக்குள்ளதான் இருக்கு" என்றார் ரெங்கராஜ்.

அடைக்கலம் பிலோமின்ராஜ் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுக்கறது? நீங்க போற அன்னிக்கு மட்டும் ஓடைக்கு ஞானம் வந்துருதா சார்? இல்ல, கொட்டாயில கூழு குடிச்சா கண்ணுக்கு எல்லாம் தெளிவாத் தெரியுதா?"

அறையில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். பிலோமின்ராஜ் அந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை மெல்ல மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. பொய்த் தண்ணீர் இல்லை அது. அப்படியானால் இத்தனை மாதம் தான் கொண்டு வந்தது எந்தத் தண்ணீர்?

ஐப்பசியில் வழக்கமான தேதிக்குப் போனார். நல்ல மழைக்காலம், அன்று மட்டும் வானம் வெளுத்திருந்தது. கேட்டில் பெயர் எழுதி, ஆபீசில் கொடுத்த மோரைக் குடித்து, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுக் குட்டைக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வழிவாயில் அதே விரல்தடி ஒழுகல். அதே கூழாங்கல். ஆனால் அன்று அவர் பாட்டிலைத் திறக்கும் முன் கொட்டகைக்குள் போய் மோட்டார் மேல் கை வைத்தார். சூடாக இருந்தது.

"அண்ணே, மோட்டார் எப்ப நின்னுச்சு?"

"நீங்க பஸ்ஸை விட்டு எறங்கறப்பவே நிறுத்திட்டேனே" என்றார் சின்னையன், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

"கரண்டு இல்லையா?"

"கரண்டுக்கென்ன, இருக்கு. நீங்க வர்றீங்கள்ல?" இதைக்கூட விளக்க வேண்டுமா என்பதுபோல அவர் பார்த்தார். "கெணத்தடியில இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு, வரப்புல ஒரு மனுசன் வர்றாரு. நிறுத்திட்டுத்தானே 'வாங்க'ன்னு கேப்போம்? இஞ்சினை ஓடவிட்டுக் கத்திக் கத்திப் பேசறது வீட்டுக்கு வந்தவரை விரட்டற மாதிரி. மொத தடவை நீங்க வந்தப்ப மோட்டார் சத்தத்துல 'என்ன, என்ன'ன்னு காதுல கைய வச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு மனசே கேக்கல. அன்னிலேருந்து ரோட்டுல பஸ்ஸு புழுதி தெரிஞ்சா நிறுத்திடறது."

பிலோமின்ராஜ் மோட்டார் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"சும்மா இல்ல சார். நிறுத்தினா பம்புக்குள்ள காத்து புடிச்சுக்கும். நீங்க போனப்புறம் வாளி வாளியா ஊத்தித்தான் திரும்பக் கெளப்பணும். இடுப்பு ஒடிஞ்சு போவும். ஆனா அதுக்குப் பாத்தா முடியுமா? மானேஜர் அய்யாவே ஒருநாள் கேட்டாரு, ஏன்டா நிறுத்தறேன்னு. சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. 'நல்ல பழக்கம் சின்னையா, என்னிக்கும் விட்டுறாத'ன்னாரு. இப்பல்லாம் அவரே ஞாபகப்படுத்தறாரு. சாரை ஆபீஸ்ல கொஞ்சம் உக்கார வச்சு அனுப்பறேன், நீ நிறுத்திருன்னு."

மோட்டார் ஓடும்போது கலங்கல் குட்டையில் தங்காமல் நேரே வழிவாய்க்குப் போகிறது. நிறுத்தினால் குட்டை அசைவற்றுப்போய், மேல்தண்ணீர் தெளிகிறது. மாதம் முழுக்க ஓடை குடிப்பது வேறு. தன் பாட்டில் குடித்தது வேறு. இதில் யாரும் அவரை ஏமாற்றத் திட்டம் போடவில்லை. மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையை ஒருவர் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஏன் சார், முகம் செத்துப்போச்சு? ஆபீஸ் மோரு புளிச்சிருச்சா?"

"இல்லண்ணே. வெயிலு."

அன்றைய தண்ணீரையும் எடுத்தார். சின்னையன் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஐஸ் உருகி முழங்கால் நனைவதும் தெரியாமல் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். கீழச் சித்திரை வீதியில் ரெங்கராஜ் வீடு. அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். திருமண் ஈரம் காயவில்லை.

"வாங்கோ, வாங்கோ. பெருமாளைச் சேவிச்சுட்டு இப்பதான் படியேறினேன். உக்காருங்கோ. என்ன, ஆபீஸ் விஷயமா?"

பிலோமின்ராஜ் எல்லாவற்றையும் சொன்னார். ரெங்கராஜ் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, மேல்துண்டால் நெற்றியைத் தவிர்த்து முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"அப்போ இத்தனை நாளா நாம சோதிச்சது தண்ணியை இல்லே. அந்த மனுஷனோட மரியாதையை."

"வேற தேதியில, சொல்லாமப் போய் எடுக்கலாமா சார்?"

"அதுக்கென்ன, நான் உத்தரவு எழுதித் தரேன். ஆனா ஒண்ணு. சுரங்கத்து ஆள் ஒருத்தர் கண் முன்னாடி எடுக்கணும். சீல் வைக்கறதைப் பார்த்து அவர் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா நாளைக்கு அவாளோட வக்கீல், இது யாராத்துக் கழனித் தண்ணின்னு கேப்பார்."

"மானேஜர்கிட்ட போனா..."

"மோட்டார் நின்னுடும்." ரெங்கராஜ் கொஞ்சம் தயங்கினார். "குட்டைக்கரையில இருக்கறவர் சின்னையன்தானே? அவர்தான் போட்டாகணும்."

அது தெரிந்துதான் பிலோமின்ராஜும் வந்திருந்தார். இன்னொருவர் வாயால் வேறு பதில் வராதா என்று ஒரு சின்ன ஆசை. உள்ளேயிருந்து வந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் லூர்துராணி கேட்டாள்: "முன்னாடியே அவருகிட்ட சொல்லிட்டுப் போனா என்னங்க? சிநேகிதருதானே?"

"சொன்னா, நிறுத்தாதீங்கன்னு அர்த்தம். மானேஜர் நிறுத்துங்கறாரு. நடுவுல அவரை நிக்க வைக்கச் சொல்றியா?"

"சொல்லாமப் போனா மட்டும்?"

"தெரியாம மாட்டிக்கிட்டாருன்னு ஆயிரும். தெரியாதவரை யாரும் வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க."

லூர்துராணி அவரை இரண்டு முறை பார்த்தாள். 

கார்த்திகையில் ஒரு காலை, சுரங்கத்து நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கினார். அடைக்கலம் காத்திருந்தார். ஐஸ் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "உள்ள என்ன சார், கல்லா?" என்றார்.

"ஐசு."

"என் வயலு வரைக்கும் ஐசு வருதுன்னா இந்த வருசம் வெளைஞ்சிரும்."

வாழைத் தோப்புக்குள் ஓடைக்கரையோடு நடந்தார்கள். வாழையின் அடிமட்டைகளில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைக் கோடு, எல்லா மரத்திலும் ஒரே மட்டத்தில், வகுப்பில் நிற்க வைத்த பிள்ளைகளின் காலுறை மாதிரி. தோப்பு முடிந்த இடத்தில் வெறும் மேடு. அதில் ஏறும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. பிலோமின்ராஜ் ஒரு கணம் நின்றார். அத்தனை மாதம் வந்துபோன இடத்தின் உண்மையான சத்தம் அதுதான். ஓடை வெள்ளை வெளேரென்று வந்துகொண்டிருந்தது.

வழிவாயருகே போய் நின்று கையை ஆட்டினார். கொட்டகையிலிருந்து சின்னையன் வந்தார்.

"சார்! இதென்ன ஓடைப் பக்கமா?" என்று கத்தினார். மோட்டார் இரைச்சலில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"இன்னிக்கு எடுக்கச் சொல்லியிருக்காங்கண்ணே!" என்று பிலோமின்ராஜும் கத்தினார்.

"என்ன?"

"எடுக்கணும்! நீங்க நிக்கணும்!"

வழக்கமாக முதல் வேலையாக மோட்டாரை நிறுத்துகிற மனிதர் அன்று அதைப் பற்றிப் பேசவே இல்லை. திகைப்பில் மறந்துவிட்டார் என்று பிலோமின்ராஜ் எடுத்துக்கொண்டார். தான் நினைத்தபடியே நடக்கிறது. நினைத்தபடி நடப்பது அவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

குனிந்து பாட்டிலை அலசினார். கொட்டினார். ஒரு தடவை கூடுதலாகவே அலசினார். நிரப்பி, மூடி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். எல்லாவற்றையும் சின்னையன் பக்கத்தில் நின்று பார்த்தார். அடைக்கலம் கொஞ்சம் தள்ளி, ஊரில் யாருக்கும் கேட்கிற தன் குரலை முதல்முறையாக அடக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, யோசிச்சுப் போடுங்க! இதால உங்களுக்குத் தொந்தரவு வரலாம்!"

சின்னையன் பேனாவை வாங்கினார். காதருகே வந்து, கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னார்: "தெளிஞ்ச தண்ணிக்கு மாசாமாசம் போட்ட கைதானே சார். கலங்குன தண்ணிக்கு மட்டும் சுளுக்கிக்குமா?"

ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அன்று கூழ் இல்லை. அவர் வழக்கமாக வருகிற நாள் இல்லையே.

சோதனையில் கலங்கல் அளவு நிபந்தனையைப் பலமடங்கு தாண்டியிருந்தது. புதுப் பள்ளத்துக்கு அனுமதி நின்றது. இன்னொரு குட்டை வெட்டி, முதல் குட்டையில் தேங்கி வழிவது அதில் தேங்கித்தான் ஓடைக்குப் போக வேண்டும், அதுவரை கூடுதல் மோட்டார் கூடாது என்று உத்தரவானது. மானேஜரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது; அவருக்கு மேலும் மெட்ராசில் ஆட்கள் இருந்தார்கள். ஆறேழு மாதத்தில் குட்டையை வெட்டி முடித்தார்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு ஆகிவிடவில்லை. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி ஆனது. அதில் நாற்று பிழைத்துக்கொண்டது.

அடைக்கலம் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து அலுவலகத்துக்கு வந்தார். வாங்கக் கூடாது என்று பிலோமின்ராஜ் மறுத்தார். "லஞ்சம் முன்னாடியில்ல சார் கொடுப்பாங்க? அது அன்னிக்குத் தோணல, பாட்டிலத்தான் கொண்டாந்தேன்" என்று தாரை வாசலில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். மாடுதான் தின்றது.

சின்னையனை மோட்டாரிலிருந்து எடுத்துக் கல் உடைக்கப் போட்டார்கள் என்று முதலில் கேள்விப்பட்டார். அடுத்து, வேலையே இல்லை என்று. பிலோமின்ராஜ் ஒரு விடுமுறை நாளில் அவர் ஊருக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு முசிறிக்குப் போய்விட்டார், வாழை மண்டியில் தார் ஏற்றுகிறார் என்றார்கள். முசிறிக்குப் போகலாம் என்று பல ஞாயிறுகளில் நினைத்தார். போய் என்ன சொல்வது? கூழ் ஊற்றிய ஆளைக் கொல்லைப்புறமாக வந்து மாட்டிவைத்தவன் நான் என்றா? வெள்ளாம்பாறைக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரெங்கராஜ் காரணம் கேட்கவில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொன்னார்.

"பொய் சொன்னீங்களா?" என்று சாமியார் கேட்டார்.

"இல்ல சாமி."

"பணம் கிணம் வாங்குனீங்களா?"

"இல்ல சாமி."

"பின்னே எது பாவம்?"

"என்னை வாங்கன்னு கேட்டவருக்குத் தெரியாத பக்கமாப் போனேன் சாமி."

 சாமியார் வழக்கமான ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். ஜெபித்தார். பாரம் ஒன்றும் இறங்கவில்லை. அதன்பிறகு எந்தக் குட்டைக்கரையில் யார் எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் அவர் தொடுவதில்லை. அவரை எல்லோரும் கண்டிப்பானவர் என்றார்கள்.

எண்பத்தொன்பதாம் வருஷம், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடத் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் புகையாகத் தெரிந்தார்கள். அதில் ஒரு புகை எழுந்து வந்தது.

"தண்ணி எடுக்கற சார்தானே? நான் சின்னையன் வீட்டுக்காரிங்க. சந்திரம்மா."

அவர் எழுந்து நின்றார். எத்தனை மாதம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார். பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் சரியாகத் தெரியவில்லை.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க. மண்டியிலதான். தோளு காய்ச்சிப்போச்சு. மகளுக்குக் கண்ணு காட்ட வந்தேன். உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல. சார் ஏன் வரவே மாட்டேங்கறாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

"எந்த முகத்தோடம்மா வர்றது?" என்றார் பிலோமின்ராஜ். "தெரியாத ஆளை மாட்டிவிட்டுட்டேன். அன்னிக்கு மட்டும் அவரு என்னை முன்னாடியே பாத்திருந்தா, மோட்டாரை நிறுத்தியிருப்பாரு. வேலையும் போயிருக்காது."

 சந்திரம்மாளின் முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள். "அதுக்கு முந்தின மாசம் மோட்டார் மேல கைய வச்சுக்கிட்டு நின்னீங்களாமே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல. சாரை நானே கெடுத்துட்டேன்டின்னாரு. அப்புறம் நீங்க அந்த அடைக்கலத்தோட வாழைக்குள்ள வர்றப்பவே மேட்டு மேலேருந்து பாத்துட்டாரு சார். பெட்டி ஆடி ஆடி வர்றதப் பாத்தாராம். கொட்டாய்க்கு ஓடி, சுவிச்சு மேல கைய வச்சுட்டு, எடுத்துட்டாராம். சட்டைய எடுத்து மாட்டிக்கிட்டு, கையெழுத்துக்குக் கூப்புடுவீங்கன்னு உள்ள உக்காந்திருந்தாராம்."